என் கணவர் பெயரில் ஓடும் இரண்டு டாரஸ் லாரிகளும் என் மகளுக்கு மறுக்கப்பட்ட உதவித்தொகையும்

அனுப்புநர்

ஆ. மாதேஸ்வரி,
க/பெ. ஆஞ்சப்பன்,
மேல்முனி கொட்டாய்,
ஓசூர் – இராயக்கோட்டை சாலை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: கல்வி உதவித்தொகை – செவிலியர் பட்டப்படிப்பு முதலாமாண்டு மாணவி ஆ. சரிதா – தந்தை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர், இரண்டு லாரிகளின் உரிமையாளர் என்று கூறி விண்ணப்பம் தள்ளுபடி – லாரிகள் எங்களுடையவை அல்ல என்பதைத் தெரிவித்தல் – நேரில் விசாரித்து வருமானச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தள்ளுபடி என்று என் மகளின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி.
2. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்ன பதில் (எழுத்தில் கேட்டேன், தரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை மனு நாளில் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் இதுவும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு லாரி உரிமையாளரின் மனைவி, கம்பெனிக்கு லீவு போட்டு, ஒருநாள் சம்பளத்தை இழந்து, அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து கொடுக்கும் மனு தங்களுக்கு அடிக்கடி வராது. ஆகவே இதைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ஓசூர் சிப்காட்டில் வாகன வயர்களைக் கட்டும் ஒரு சிறிய கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக வேலை செய்கிறேன். என் கணவர் ஆஞ்சப்பன் டாரஸ் லாரி ஓட்டுநர். கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு ஜூஜூவாடி எல்லை தாண்டி பெங்களூர்ப் பக்கம் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. எங்களுக்கு ஒரே மகள், சரிதா. நிலம் கிடையாது. வீடு என் மாமனார் விட்டுப்போன தகரக் கூரை வீடு. மழை வந்தால் எந்த மூலையில் குண்டான் வைக்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்குமே மனப்பாடம்.

2. சரிதா அரசு உதவி பெறும் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் எடுத்து, கலந்தாய்வில் ஒரு தனியார் கல்லூரியில் செவிலியர் பட்டப்படிப்புக்கு இடம் வாங்கினாள். எங்கள் மேல்முனி கொட்டாயில் இதுவரை எந்தப் பெண்ணும் நர்ஸ் படிப்புக்குப் போனதில்லை. கல்விக் கட்டணத்தை உதவித்தொகையில் கட்டிக்கொள்ளலாம், அது வரும்வரை வகுப்புக்கு வரலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் சேர்த்தோம். வெள்ளைச் சீருடை தைத்து வாங்கினோம். அதை முதல் நாள் போட்டுக்கொண்டு அவள் பேருந்துக்கு நின்றபோது, வழக்கமாகக் கிண்டல் பேசும் பையன்கள்கூட நகர்ந்து இடம் விட்டார்கள். இதை ஏன் மனுவில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். இப்போது அந்தச் சீருடை பீரோவில் மடித்துக் கிடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

3. உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது பெற்றோரின் ஆதார் எண், பான் எண், வருமான வரி கட்டுபவரா, நான்கு சக்கர வாகனம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். வாகனம் பற்றிய கேள்வி வந்ததும் சரிதா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா பேர்ல லாரி இருக்குதேம்மா, இன்னா போடறது?" என்று கேட்டாள். "அது நம்மளுது இல்லடி. இல்லைன்னே போடு" என்று நான்தான் சொன்னேன். வருமான வரிக்கும் இல்லை என்றே போடச் சொன்னேன். ஐயா, எங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குத் தெரிந்த உண்மையை அப்படியே எழுதினோம். அதற்குத்தான் இன்று "தவறான தகவல் அளித்தவர்" என்று என் மகள் பெயருக்கு எதிரே குறித்து வைத்திருக்கிறார்கள்.

4. தள்ளுபடி என்று குறுஞ்செய்தி வந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். வருமானச் சான்றுக்குக் கொடுத்திருந்த விண்ணப்பமும் அங்கேதான் நின்றுபோயிருந்தது. பிரிவு எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு டாரஸ் வச்சிக்கினு வருசம் எட்டரை லட்சம் கணக்கு காட்டறீங்க, ஏழைங்களுக்கு வர்ற காசுக்கு வந்து நிக்கிறியே, நல்லாவா இருக்குது?" என்று கேட்டார். வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதில் எங்கள் ஊர்க்காரர் இருவரும் இருந்தார்கள். ரப்பர் செருப்பும் கம்பெனி ஓவர்கோட்டுமாக நின்ற நான், எட்டரை லட்சத்துக்காரியாகத் தலைகுனிந்து வெளியே வந்தேன்.

5. தலைகுனிவைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது வேறு ஒன்று. ஒரு லாரி என் கணவர் பெயரில் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டாவது லாரி இருக்கிறது என்பதே அந்த எழுத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். "ஆமா, போன வருசம் மொதலாளி இன்னொன்னுக்குக் கேட்டாரு, கையெழுத்து போட்டேன்" என்றார். கடையில் தீப்பெட்டி வாங்கி வந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

6. தாங்கள் வேறு மாவட்டத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதால், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரஷர், குவாரி லாரி முதலாளிகள் எல்லா லாரியையும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் முழுக் கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டுமாம். ஆகவே நம்பிக்கையான ஓட்டுநர் ஒருவர் பெயரில் ஒன்று, இன்னொருவர் பெயரில் இரண்டு என்று பிரித்து எழுதிவிடுவார்கள். செய்தித்தாளில் இதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் 'பேர் குடுக்கறது' என்று சொல்வோம். ஓட்டுநர்கள் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். யாரிடம் முதலாளி பேர் கேட்கிறாரோ அவன் நாணயமானவன் என்று ஊர் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கேட்கப்படாத ஓட்டுநர்கள் மனவருத்தப்பட்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

7. என் கணவரின் முதலாளி திரு. திம்மராயன் அவர்கள். என் கணவர் கிளீனராகச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடமே இருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் புது டாரஸ் ஒன்று எடுத்தபோது, பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். போனோம். எல்லாருக்கும் முன்னால் என் கணவருக்கு மாலை போட்டு, வேட்டி சட்டை கொடுத்து, "ஆஞ்சப்பா, வண்டிய உம்பேர்ல எடுத்திருக்கேன்டா. இனிமே நீதான்டா ஓனரு" என்றார். என் கணவர் அழுதுவிட்டார். என்னைக் கூப்பிட்டு ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியபோது நானும் கைதட்டினேன். ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்தோம், எங்கள் செலவில். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் என் கணவரை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் என்னை 'லாரி ஓனரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

8. அந்த லாரியைப் பற்றித் தங்களுக்குச் சொல்கிறேன். கேபினின் நெற்றியில் பெரிய எழுத்தில் முதலாளியின் மகன் பெயரும் மகள் பெயரும் எழுதியிருக்கின்றன. கதவின் ஓரத்தில், சட்டம் கேட்கிறது என்பதால், சிறிய எழுத்தில் என் கணவர் பெயர். அதன் கீழே இருக்கும் கைப்பேசி எண் முதலாளியுடையது. லாரிக் கடனுக்காக என் கணவர் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கினார்கள். அந்தப் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, கையெழுத்துப் போட்ட காசோலைகள், பான் கார்டு எல்லாம் முதலாளியின் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. என் கணவரின் பான் கார்டை நான் கண்ணால் கண்டதில்லை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எண் வேண்டும் என்று கேட்டபோது, ஆபீஸ் கணக்காளர் போனில் சொல்லத்தான் எழுதிக்கொண்டோம். வருமான வரிக் கணக்கு என்று ஒன்றை ஒவ்வொரு ஆண்டும் அவர்களுடைய ஆடிட்டர் தாக்கல் செய்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று வரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

9. உரிமையாளர் என்ற முறையில் எங்களுக்குக் கிடைத்தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிக பாரம் ஏற்றியதற்கான அபராத நோட்டீஸ்கள் எங்கள் முகவரிக்குத் தவறாமல் வருகின்றன. ஒருமுறை அத்திப்பள்ளி அருகே வேறு ஓட்டுநர் அந்த லாரியை ஓட்டிப்போய் ஒரு ஸ்கூட்டரில் இடித்தபோது, கர்நாடகப் போலீசார் வீடு தேடி வந்து, கன்னடத்தில் என் கணவரைத் திட்டி அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் கழித்து முதலாளி ஆள் அனுப்பி மீட்டார். மகளிர் உரிமைத் தொகைக்கு நான் கொடுத்த விண்ணப்பம், வீட்டில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்று தள்ளுபடியானது. அப்போது நான் சத்தம் போட்டேன். "வுடு மாதேசு, ஓனரு பொண்டாட்டிக்கு அது எதுக்கு" என்று என் கணவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் என் மகள் இன்று வகுப்பில் இருந்திருப்பாள்.

10. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மீண்டும் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். லாரி உங்களுடையது இல்லை என்று முதலாளியிடம் எழுதி வாங்கி வாருங்கள், இல்லையென்றால் ஓர் எண்ணும் மாற்ற முடியாது என்றார்கள். திருடியவன் வீட்டுக்கே போய், 'நான் திருடினேன்' என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வருவாய் ஆய்வாளரோ கிராம நிர்வாக அலுவலரோ எங்கள் வீட்டை நேரில் வந்து ஒரு தடவை பார்த்தாலே போதும் என்று கெஞ்சினேன். "கம்ப்யூட்டர்ல ஏறிட்டா பார்த்தாலும் ஒன்னுதான் பாக்காட்டியும் ஒன்னுதான்" என்று அங்கே பதில் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கூரை கம்ப்யூட்டரில் ஏறவில்லை போலும்.

11. வேறு வழியில்லாமல் முதலாளியிடம் போனேன். என் கணவர் வர மறுத்தார். நான் பிடிவாதம் பிடித்ததால் கூட வந்து, ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டார். திரு. திம்மராயன் என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. "ஏம்மா மாதேஸ்வரி, இதுக்கா இவ்ளோ அலைச்சல்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாப்பா ஃபீஸ நான் கட்டறேன். நாலு வருசத்துக்கும் கட்டறேன். பேப்பர் பேச்ச மட்டும் எங்கயும் எடுக்காத" என்றார். ஐயா, பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் என் மனம் குளிர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். வாசலில் நின்ற என் கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

12. பிறகு அவர் தன் கணக்காளர் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினார். எனக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெலுங்கு புரியாமல் போகுமா? குழாயடியில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான் நடக்கிறது. அவர் சொன்னதன் பொருள் இதுதான்: ஆஞ்சப்பன் பேரில் இனி ஏற்ற முடியாது, பெண்டாட்டி பேர் சுத்தமாக இருக்கிறது, அதில் இரண்டு வண்டி போடலாம். அதோடு நிற்கவில்லை. என் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, தமிழிலேயே கேட்டார்: "பாப்பாவுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சில்ல? அதோட ஆதார் கார்டையும் குடுத்துட்டுப் போ. பான் கார்டு நாமளே எடுத்துக்கலாம்."

13. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இருபது ஆண்டு என் கணவரின் உடம்பைக் கொடுத்தோம். பிறகு பேரைக் கொடுத்தோம். இப்போது என் பேரும், இன்னும் ஒரு ஊசிகூடப் போட்டுப் பழகாத என் மகளின் பேரும் வேண்டுமாம். அவள் படித்து முடித்து, அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகும் நாளில், அவள் பேரில் எத்தனை டாரஸ் ஓடிக்கொண்டிருக்கும், எந்த ஊர்ப் போலீஸ் அவளைத் தேடி வரும் என்று யார் கண்டது? படிக்க வைக்கிறேன் என்று சொல்லியே அந்தப் பிள்ளையை விலைக்குக் கேட்டார். கேட்டபோது அவர் குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

14. என் கணவரைப் பற்றித் தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. அவர் குடிப்பதில்லை. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. லோடு எங்கே இறக்கினாலும் மகளுக்கு ஏதாவது வாங்காமல் வந்ததில்லை. ஆனால் முதலாளி முன்னால் நிமிர்ந்து நிற்க மட்டும் அவருக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்ததும், "குடுத்துட்டா இன்னா மாதேசு, பேருதானே, தேஞ்சா பூடும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் சரிதா சொன்னாள்: "அப்பா, உம்பேர வெச்சித்தான் என்னைக் காலேஜ விட்டு வெளிய அனுப்பப் பாக்கறாங்க. எம்பேர வெச்சி எம்புள்ளைய அனுப்புவாங்களா?" அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

15. புகார் கொடுக்கலாமா என்று தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். "குடுத்தா மொத கேஸ் உன் வூட்டுக்காரர் மேலதான் வரும்மா, கையெழுத்து அவருது" என்றார். முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். எங்களுக்கு இருப்பது கையெழுத்து மட்டும். இது தெரிந்துதான் இம்மனுவை எழுதுகிறேன். என் கணவர் கையெழுத்திட்டது குற்றம் என்றால் அதற்குரிய தண்டனையை அவர் ஏற்கட்டும். அவர் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்டனையை என் மகளிடம் முதலில் வசூலித்துவிட்டது எந்த நியாயம் என்றுதான் கேட்கிறேன். அவள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

16. கல்லூரியில் இந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கட்டணமோ உதவித்தொகை ஆணையோ வரவில்லை என்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கட்டணம் கேட்கிறார்கள் என்பதால் அவள் போன வாரத்திலிருந்து போகவில்லை. நான்கு நாள் முன்பு எங்கள் கம்பெனி சூப்பர்வைசர், "உம்பொண்ணு சும்மாதானே இருக்குது, லைன்ல ஆள் பத்தல, கூட்டிட்டு வா" என்றார். நான் மறுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, அவள் என்னுடைய பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றிருந்தாள். அவளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதேன். இன்னும் எத்தனை நாள் அவளைத் தள்ளிச் சாத்த முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

17. ஆகவே நான் தங்களிடம் கேட்பவை இவை. எங்கள் வீட்டுக்கு நேர்மையான அலுவலர் ஒருவரை அனுப்பி, எங்கள் இருவரின் உண்மையான சம்பளத்தை விசாரித்து, அதன்படி வருமானச் சான்று வழங்க உத்தரவிட வேண்டும். என் சம்பளச் சீட்டும், மின் கட்டண ரசீதும், வீட்டின் புகைப்படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். என் கணவரின் சம்பளத்துக்குச் சீட்டு கிடையாது. உரிமையாளருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்? என் மகள் பெயருக்கு எதிரே உள்ள 'தவறான தகவல்' என்ற குறிப்பை நீக்க வேண்டும். பணம் தாமதமானாலும் அந்தக் குறிப்பு அவளோடு எல்லா இடத்துக்கும் வரும் என்பதால் இதை முக்கியமாகக் கேட்கிறேன். விசாரணை முடியும் வரை அவளை நீக்க வேண்டாம் என்று கல்லூரிக்கு ஒரு வார்த்தை தாங்கள் எழுதினால் போதும், அவள் நாளைக்கே வகுப்புக்குப் போய்விடுவாள்.

18. பதிவேட்டில் உள்ளதை மாற்ற முடியாது, அதில் இருப்பதே உண்மை என்று தங்கள் அலுவலகமும் சொல்லுமானால், நான் மேற்கொண்டு வாதாட மாட்டேன். அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அந்த இரண்டு லாரிகளும் எங்களுடையவை. எங்கள் சொத்தை இன்னொருவர் எங்கள் அனுமதியில்லாமல் ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார். அந்த லாரிகளை மீட்டு, உரிமையாளராகிய என் கணவரிடம் ஒப்படைக்கக் காவல்துறைக்கு உத்தரவிட வேண்டும். ஒன்றை விற்றுக் கடனை அடைத்து, மகளைப் படிக்க வைத்துக்கொள்கிறோம். மற்றதை ஓட்டி, எட்டரை லட்சத்துக்கும் உரிய வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம். உதவித்தொகை கேட்டு இனி இந்தப் படி ஏற மாட்டோம். இரண்டில் ஒன்றைத் தாங்கள் செய்தே ஆக வேண்டும், ஐயா. வரி வாங்கும்போது லாரி எங்களுடையது, வருமானம் வாங்கும்போது லாரி அவருடையது என்று இரண்டு பக்கமும் அரசாங்கம் பேசக் கூடாது.

19. இம்மனுவை என் கணவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். போடவில்லை. கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். கிழிக்கவும் இல்லை. காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "வண்டிங்க எங்க நிக்குதுன்னு எழுதலியே" என்றார். ஆகவே அவர் சொல்லச் சொல்ல இதைச் சேர்க்கிறேன். முதல் லாரி கிரஷர் எடைமேடைக்குப் பின்னால், புளியமரத்து ஓரம் நிற்கும். இரண்டாவது முதலாளியின் பெட்ரோல் பங்க்குக்குப் பின்புறம் உள்ள காலி மனையில் நிற்கும். விசாரணைக்கு வரும் அலுவலர்கள் முதல் லாரியின் சாவிக்காக யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. அது தன்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவதாக எழுதச் சொன்னார்.

இடம்: கிருஷ்ணகிரி
நாள்: 13.10.2025

இங்ஙனம்,
ஆ. மாதேஸ்வரி
(மாணவி சரிதாவின் தாய்)